அந்தப் படத்தை எடுத்தவள்

அக்கா,

இந்த மடலில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். உனக்கு வருத்தமாக இருக்கும் என்று எதையும் மாற்ற மாட்டேன். எனக்கு வலிக்கும் என்று எதையும் விட மாட்டேன். நீ இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே “விடுடி” என்பாய். இப்போது உன்னால் அதைச் சொல்ல முடியாது.

இன்று பள்ளி விட்டு வந்ததும் உன் கறுப்புப் பையைத் திறந்தேன். ஏழு மாதமாகப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்திருந்த பை. ஜிப்பை இழுத்ததும் ஒரு கல்யாண மண்டபமே எழுந்து வந்தது. காய்ந்த மல்லிகை, பன்னீர், பந்தியின் ரசவாடை, அதற்குள் உன் வியர்வை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நீ வீட்டுக்குள் நுழையும்போது வரும் அதே வாசனை. அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு எட்டுவதற்குள் மூடிவிட்டேன்.

நானாகத் திறக்கவில்லை. உன் போட்டோ ஸ்டூடியோக்காரர் காலையில் அப்பாவுக்குப் போன் செய்தாராம். ஆவணி முகூர்த்தம் வருகிறதாம், ஸ்டூடியோ சார்ஜரும் இரண்டு பேட்டரியும் பாப்பா பையில் இருக்கும், கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டாராம். அப்பா என்னிடம் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு அம்பத்தூர் வேலைக்குப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவரை நீ அண்ணன் என்பாய். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பி.காம். முடித்த கையோடு நீ அங்கே போய்ச் சேர்ந்த நாள் நினைவிருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று அப்பா கேட்டார். நீ தட்டில் சோற்றைப் பிசைந்தாய். பிறகு, கற்றுக்கொடுப்பதற்கு அவர்தான் நம்மிடம் காசு கேட்க வேண்டும், கேட்காமல் இருக்கிறாரே என்றாய். அது அவர் சொன்ன வாக்கியம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். உன் வாக்கியங்கள் அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

இரண்டரை வருடம். பையைத் தூக்கினாய், லைட்டைத் தூக்கினாய், மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கறிக்குழம்பு போதுமா என்றுகூடக் கேட்டுக்கொண்டு ஓடினாய். ஒரு வருடம் ஆனதும் நீ தனியாகப் படமெடுக்க ஒரு கல்யாணம் தருவதாகச் சொன்னார். தையில் என்றார். தை போனதும் ஆவணியில் என்றார். ஆவணியும் போனது. மறுபடி தையில் என்றார். நீ ஒவ்வொரு முறையும் நம்பினாய். அடுத்த தையில் என்று காலண்டரில் பென்சிலால் ஒரு வட்டம்கூடப் போட்டு வைத்தாய். அந்தக் காலண்டரை நான்தான் கழற்றினேன்.

எனக்குக் கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வானகரம் கல்யாணத்தைச் சொல்கிறேன். மேடையில் எல்லோரும் குரூப் போட்டோவுக்கு முண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் இரண்டாவது கேமராவை உன் கழுத்தில் மாட்டிவிட்டு, பத்திரம், தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நீ மேடைப் படிக்குக் கீழே நிற்கிறாய். அங்கே ஒரு செருப்புக் குவியல். பெண்ணின் அப்பா, புது வேட்டி, நெற்றியில் சந்தனம், குனிந்து அந்தக் குவியலில் எதையோ தேடுகிறார். வீட்டில் போட்டுத் தேய்ந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுக்கிறார். மகளுடையது. அவள் மேடையில் புதுச் செருப்பு போட்டிருக்கிறாள், புது வீட்டுக்குப் போகப் போகிறாள். இவர் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். நீ ஒரே ஒரு முறை அழுத்தினாய்.

கார்டிலிருந்து படங்களை இறக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். “ஒரே ஷாட்டுடி. ரெண்டாவது எடுத்தா அவரு பாத்துடுவாருன்னு எடுக்கல” என்றாய். யார் பார்த்துவிடுவார், அந்த அப்பாவா, ஸ்டூடியோக்காரரா என்று கேட்டேன். “ரெண்டு பேருந்தான்” என்று சிரித்தாய். அந்தப் படத்தை நாம் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தெரியவில்லை. அந்த ஆளின் கட்டைவிரல் செருப்பின் தேய்ந்த குதிகால் பள்ளத்தில் அழுந்தியிருந்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார், முகத்தை அப்புறம் பார்க்கலாம் என்று நீ எப்போதும் சொல்வாய். அன்று நான் விரலைத்தான் பார்த்தேன்.

ஸ்டூடியோக்காரரிடம் நீயே சொன்னாய், நான்தான் எடுத்தேன் என்று. நன்றாக இருக்கிறது, இனிமேல் கேமராவைத் தொடும் முன் கேள் என்றாராம். அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குப் பின்னால் உன் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது, பின்னால் விளக்கு எரிய. கீழே அவர் பெயர்.

நீ என்னை ஆவடிக்கு அழைத்துப்போய் எதிர்ப்புறம் ஜூஸ் கடை வாசலில் நிறுத்திக் காட்டினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. “எம்மாம் பெருசு பாரு” என்றாய். நீ சந்தோஷமாக இருந்தாய். உன் பெயர் எங்கே என்று கேட்டேன்.

“பேரு இன்னாத்துக்குடி? எனுக்குத் தெரியும்ல.”

உனக்குத் தெரிந்தால் போதுமா? ரோட்டில் போகிற அத்தனை பேரும் நின்று பார்க்கிறார்கள், பேருந்திலிருந்து தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அத்தனை பேரும் வேறொருவர் பெயரைப் படிக்கிறார்கள். நீ சாத்துக்குடி ஜூஸை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறாய். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் கிளம்பியபோது என் பின்னலைப் பிடித்து இழுத்தாய். “படிச்ச திமிர எங்கிட்ட வெச்சுக்கோ, அவரு கிட்ட காட்டாத. தையில தரேன்னுக்கீறாரு.” பின்னல் வலித்தது. இன்னும் நன்றாக வலித்திருக்கலாம், நான் கையை உதறிவிட்டுப் போயிருப்பேன்.

கார்த்திகை மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை காலையில் விட்டுவிட்டது. அன்று மாலை பூந்தமல்லியில் ரிசப்ஷன். அவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவர் திட்டவில்லை, வற்புறுத்தவில்லை, உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா. “முடியலன்னா ரெஸ்ட் எடும்மா, பரவால்ல. நான் வேற ஆள வெச்சுக்கறேன்” என்றார். அந்த “வேற ஆள்” உன்னைப் பாயிலிருந்து எழுப்பியது.

டெங்குவைப் பற்றிப் பள்ளியில் கொடுத்த துண்டுத்தாள் என் உயிரியல் புத்தகத்துக்குள் இருந்தது. காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாள்தான் ஆபத்து, அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ தலை வாரிக்கொண்டே, புக்கை மூடு, பேட்டரி சார்ஜ் ஆகிவிட்டதா பார் என்றாய். நான் மூடினேன். பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டையும் எடுத்து நானே உன் பையில் போட்டேன்.

நாலு மணி நேரம் லைட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறாய். ஞாயிறு காலை வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாய். திங்கள் மாலை மருத்துவமனையில் அம்மாவை வெளியே போகச் சொன்னார்கள். இதற்குமேல் அதைப் பற்றி எழுதவில்லை. மறைக்கவில்லை, என்னால் எழுத முடியவில்லை.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது. அஞ்சலிப் பேனருக்குத் தேறும் உன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லோரையும் நீ எடுத்தாய், உன்னை யாரும் எடுக்கவில்லை. பள்ளி அடையாள அட்டை மட்டும் இருந்தது, அதில் உனக்குப் பதினாறு வயது. அப்பா ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார். அவரிடம் உன் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெண்ணும் மாப்பிள்ளையும் வருமுன் வெளிச்சம் சரிபார்க்க மேடையில் பெண் நிற்கும் இடத்தில் உன்னைத்தானே நிறுத்துவார். கறுப்பு டீ ஷர்ட்டில், யார் யாருடைய பூ அலங்காரத்துக்கும் முன்னால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ. அதில் ஒன்றை எடுத்து, ‘கர்த்தருக்குள் நித்திரை’ என்று போட்டு, காசு வாங்காமல் அவரே அடித்துக் கொண்டுவந்தார்.

சேக்காட்டில் நம் தெருமுனையில் கட்டினார்கள். உன் தோளுக்குப் பின்னால் யாரோ இருவர் பெயரின் முதலெழுத்துகள், நடுவில் ஒரு இதயம். பாதிதான் வெட்டியிருந்தார்கள். வலது மூலையில், அக்கா, ஸ்டூடியோ முத்திரை. அவர் பெயர், கீழே அவர் போன் நம்பர். அங்கிருந்து வெளியே போகும் எந்தப் படத்திலும் அது தானாகவே விழும்படி கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. உன் சாவிலும் அது தானாக விழுந்தது.

நான் அப்பாவிடம் காட்டினேன். “ஃப்ரீயா போட்டுக் குடுத்துக்கீறாரும்மா, வுடு” என்றார். நீயும் அப்பாவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

அடக்கத்துக்குமுன் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று படம் எடுப்பார்கள் அல்லவா, அதற்கும் ஸ்டூடியோக்காரரே கேமராவோடு வந்தார். அழுதுகொண்டுதான் எடுத்தார். எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். நான் நிற்கவில்லை. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன்னோடு நம் குடும்பம் எடுத்த கடைசிப் படத்தில் நான் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் கோபம், யார்மேல் என்று மட்டும் கேட்காதே.

இன்று சாயங்காலம் சார்ஜரையும் பேட்டரியையும் ஒரு துணிப்பையில் போட்டு ஆவடிக்கு எடுத்துப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஷேர் ஆட்டோவில் மனப்பாடம் செய்தேன். படத்தின் கீழே என் அக்கா பெயரைப் போடுங்கள், முடியாவிட்டால் படத்தை எடுத்துவிடுங்கள். இரண்டே வாக்கியம். உள்ளே நுழைந்ததும் முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவர் இளைத்திருந்தார். வாம்மா, ப்ளஸ் டூ வந்தாயிற்றா, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றார். உங்கள் அக்கா எனக்குப் பெண் மாதிரி என்றார். நான் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

அப்போது ஒரு பெரியவரும் அவர் மகளும் கல்யாணத்துக்குப் பேசுவதற்காக உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பங்களைக் காட்டியிருந்தார். அந்தப் பெண் எதையும் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி வாசல் பக்கம் உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், எங்க அப்பாவையும் இந்த மாதிரி எடுத்துத் தர வேண்டும், மற்றதெல்லாம் எப்படியோ இருக்கட்டும் என்றாள். பெரியவருக்கு வெட்கமாகிவிட்டது. இது நீங்கள் எடுத்ததா என்று கேட்டார்.

“நம்ம ஒர்க்குதாங்க” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“எங்க அக்கா எடுத்தது” என்றேன்.

மனப்பாடம் செய்த வாக்கியம் இல்லை அது. கத்தவும் இல்லை. வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல வந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு மேசைமேல் இருந்த சார்ஜரைப் பார்த்தார்.

“ஆமாங்க. நம்ம கிட்ட அசிஸ்டெண்டா இருந்த பொண்ணு.”

பெரியவர் உடனே முகம் மலர்ந்தார். “அப்ப அந்தப் பொண்ணையே அனுப்பிவுடுங்க சார். இன்னா வேலன்னாலும் தள்ளி வெச்சுட்டு வரச் சொல்லுங்க.”

ஸ்டூடியோக்காரர் என்னை மறுபடி பார்த்தார், நீயே சொல்லிவிடேன் என்பதுபோல. நான் சொல்லவில்லை. அவர்தான் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே ஒரு பேருந்து போய் முடியும்வரை நின்றேன்.

“அந்தப் பொண்ணு இல்லீங்க” என்றார்.

“வேற ஸ்டூடியோவுக்குப் பூட்ச்சா?”

“செத்துப் போச்சுங்க.”

பெரியவர் எழுந்துவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்த மாதிரி இருந்தது. என் பக்கம் திரும்பி, “அக்கா பேரு இன்னாம்மா?” என்றார். சொன்னேன். இன்ஷியலோடு முழுப் பெயரையும் சொன்னேன். அவர் மகள் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

உனக்கு வந்த முதல் அழைப்பு அது, அக்கா. தையில் இல்லை, ஆனியில் வந்தது. அவர் கொடுக்கவில்லை, உன் படம் வாங்கிக் கொடுத்தது. பெயர் எதற்கு என்றாயே, அவர்கள் கேட்டார்கள். நீ கேட்டிருந்தால் உயிரோடு இருக்கும்போதே அந்த வார்த்தை உன் காதில் விழுந்திருக்கும். உன்மேல் இருக்கும் இந்தக் கோபத்தை நான் விடப் போவதில்லை. அந்தப் பெரியவர் சொன்னதையும் விடப் போவதில்லை. “அந்தப் பொண்ணையே அனுப்பிவுடுங்க.” ஷேர் ஆட்டோவில் வரும்போது அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவர்கள் பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள். நானும் படியிறங்கினேன். பெயர் போடுவதாக அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நாளை கேட்பேன், போடும்வரை ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் போய்க் கேட்பேன். ரோட்டைக் கடந்து திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணாடிக்கு உட்புறம் வந்து உன் படத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தார். மணி ஆறரைதான், பக்கத்துக் கடைகள் எல்லாம் திறந்திருந்தன. வெட்கமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. அவர் குனிந்து சுவிட்சைத் தொட்டார். படத்துக்குப் பின்னால் இருந்த விளக்குகள் அணைந்தன.