எங்கள் கிணற்றுக்கும் மார்க் போட்டவருக்கு

நீங்கள் முதன்முதலாக வந்த அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றவர்கள் நான், தோல் கம்பெனி மேனேஜர், அங்கே மேஸ்திரியாக இருந்த என் கொழுந்தன் தங்கவேலு, அவன் பெண்சாதி மல்லிகா, அப்புறம் நீங்கள். இன்று காலை மழை விட்டதும் கிணற்றடிக்கு வந்தேன். ஈர மண் வாசனைதான் வந்தது, தோல் நாற்றம் இல்லை. உடனே உங்கள் நினைப்பு. நீங்கள் இறந்துபோய்விட்டதாகப் பேத்தி போன மாதம்தான் போனில் பார்த்துச் சொன்னாள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள் மேடம்.

கழிவுத் தண்ணி எங்கே போகிறது, வேலைக்காரப் பெண்களுக்குக் கையுறை உண்டா என்றெல்லாம் பார்த்து, கம்பெனிகளுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்துவது உங்கள் வேலை. வெளிநாட்டுக்காரன் அந்த வரிசையைப் பார்த்துத்தான் தோல் வாங்குவானாம். கம்பெனிக் கழிவு இறங்கிய எங்கள் கிணற்றில் குளித்துக் குளித்துப் பேத்திக்கு அப்போது உடம்பெல்லாம் சொறி. உங்களிடம் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தோம்.

ஆனால் நாங்கள் செய்த கூத்து! விருந்தாளி வருகிறார் என்று மல்லிகா விடியலிலேயே மலையேறி ஊற்றுத் தண்ணி கொண்டுவந்துவிட்டாள். நீங்கள் குடித்துவிட்டு, "தண்ணி இனிக்குதே!" என்றீர்கள்.

"எல்லாம் இந்தக் கெணத்துத் தண்ணிதாங்க மேடம்" என்றார் மேனேஜர், வாயெல்லாம் பல்லாக.

இன்னொரு சொம்பு கேட்டீர்கள். குடம் காலி. மல்லிகா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைப் பக்கம் நடந்தாள்.

"எங்கம்மா போறீங்க? கெணறு இங்கதானே இருக்கு?" என்றீர்கள்.

"அது எங்களுக்குங்க. வூட்டுக்கு வந்தவங்களுக்கு அத்த எப்படிக் குடுக்கறது?"

நீங்களே போய்ச் சேந்திக் குடித்தீர்கள். முகம் கோணியது, ஆனாலும் துப்பவில்லை.

"உப்பக் கொட்டி வெச்சிருப்பாங்க மேடம். எங்க அண்ணி இன்னா வேணா செய்வா" என்றான் தங்கவேலு.

"நீ இன்னாத்தடா குடிக்கிற? உன் பொண்டாட்டி மலையிலேர்ந்து சொமந்தாறதுதான?" என்றேன். மேனேஜர் போனை நோண்டினார்.

"கம்பெனி கேட்டுக்கு உள்ள மட்டும் பாத்து மார்க் போட முடியாதுங்க சார்" என்று சொல்லி, பாட்டிலில் கிணற்றுத் தண்ணி பிடித்துக்கொண்டு போனீர்கள்.

அந்த வருஷம் எங்கள் கம்பெனிதான் கடைசி. வாங்குகிறவர்கள் விலகினார்கள், வேலை குறைந்தது. ஊர்ப் பெண்களே என்னைத் திட்டினார்கள். நீங்கள் விடவில்லை, வருஷா வருஷம் வந்து முதலில் கிணற்றைப் பார்த்தீர்கள். வரிசையில் மேலே ஏறுவதற்காகவே கம்பெனிக்காரன் கழிவைச் சுத்தம் பண்ண இடம் கட்டினான். கிணறு மெதுவாகத் தெளிந்தது. பேத்தி தோலும்தான்.

இப்போது செருப்புக் கடைக்குப் போனால், "இந்தத் தோலு எந்த ஊரு தண்ணியில ஊறினது?" என்று கேட்கிறேன். கடைக்காரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும், கேட்காமல் வாங்க மாட்டேன். அது நீங்கள் கொடுத்தது.

மேனேஜரை எப்போதோ மன்னித்துவிட்டேன், அவர் சம்பளத்துக்குப் பேசினார். என்னைத் திட்டின பெண்களையும்தான், அவர்களுக்கு வயிறு காய்ந்தது. ஆனால் சொறிந்து சொறிந்து அழுத பிள்ளையைத் தினமும் தோளில் தூக்கிவைத்திருந்தவனே, அந்தத் தண்ணியில் நான் உப்புக் கொட்டினேன் என்றானே, அவனை மட்டும் மாட்டேன். தங்கவேலுவை மாட்டேன், மேடம்.