வெள்ளிக்கிழமைகளில் வழுக்கிய பிடி

நேற்றுப் பேத்தியின் சைக்கிள் பஞ்சராகிவிட்டது. ரெய்னர்ஸ் லேன் கடையில் புது டியூப் வாங்கி வந்து, பழையதைக் கத்தரிக்கோலால் வெட்டி எறியப் போனேன். வெட்டிய இடத்திலிருந்து ரப்பர் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீ வந்து நின்றுவிட்டாய். லண்டன் விம்பிள்டனில் நாம் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டுக் குசினியில் சாப்பாட்டு மேசை, அதன்மேல் விரித்த பழைய பேப்பர், குண்டில்லாத உன் பிஸ்டல், உன் கையில் இதே மாதிரி ஒரு டியூப் துண்டு. ஏன் சிரிக்கிறேன் என்று பேத்தி ஆங்கிலத்தில் கேட்டாள். துப்பாக்கிக்குச் சட்டை போட்ட கதையை அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன். இந்த முறை நீ குறுக்கே பேச முடியாது. நீ இல்லாமற் போனதில் எனக்கு இருக்கும் ஒரே வசதி அதுதான்.

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய எனக்கு அந்த வீட்டின் மேல்மாடி அறை கிடைத்தது. கீழறையில் நீ. மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளர் வேலையில் அமர்ந்து, ஊர் திரும்பாமல் இருந்துவிட்டவள். நம் இருவருக்கும் ஒரே வயது. நான் மரியாதைக்கு உன்னை ‘நீர்’ என்று கூப்பிட்டபோது, நாடகத்தில் ராணியிடம் பேசுவதுபோல இருக்கிறது என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த ‘நீர்’ கடைசிவரை என் வாயைவிட்டுப் போகவில்லை. இந்த மடலில் மட்டும் ‘நீ’ என்று எழுதிப் பார்க்கிறேன். கோபிக்காதே.

நான் வந்த புதிதில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய கார் ‘டமார்’ என்று வெடித்துக் கிளம்பியது. அடுத்த கணம் நான் குசினி மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. நீ என்னை இழுத்து எழுப்பவில்லை. ‘லண்டன்ல குண்டு விழாது’ என்று புத்தியும் சொல்லவில்லை. நீயும் தரையில் உட்கார்ந்து, உன் தேநீரை எனக்கு நீட்டினாய். நான் குடித்து முடித்ததும் கேட்டாய்: “சத்தம் உன் கைக்குள்ளேர்ந்து வந்தா எப்படி இருக்கும்னு பாக்குறியா?”

“உமக்கு விசரே?” என்றேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே நீ பிஸ்டல் கிளப்பில் சேர்ந்து குறி சுடப் பழகியவள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பொலிஸ் தந்த லைசன்சோடு சொந்தப் பிஸ்டலும் வைத்திருந்தாய். துப்பாக்கியைக் கண்டு ஓடிவந்தவளை அது இருக்கும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போக உன்னால்தான் முடியும். ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இருந்த அந்த கிளப்பில், காதுக்கு உறை மாட்டி, என் பின்னால் நின்று, “உனக்கு எப்போ தோணுதோ அப்போ அழுத்து. தோணலன்னா கீழ வச்சிடு. வீட்டுக்குப் போயிடலாம்” என்றாய். நான் அழுத்தினேன். அந்தச் சத்தம் எங்கிருந்தோ என்னைத் தேடி வரவில்லை, நான் வரவழைத்து வந்தது. கடதாசியில் ஓர் ஓட்டை. நான் அழுதேன். நீ அதைக் காணாததுபோல இலக்குக் கடதாசியை மாற்றப் போய்விட்டாய்.

அதன்பின் புதனும் வெள்ளியும் மாலை வேளைகளில் போனோம். புதன்கிழமைகளில் என் குண்டுகள் நடுவட்டத்தைச் சுற்றியே விழுந்தன. வெள்ளிக்கிழமைகளில் பிடி கைக்குள் நிற்காமல் நழுவி, குண்டு போக வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் போனது. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டு வளவில் ஷெல் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மனம் மறந்தாலும் உடம்பு மறக்கவில்லை, இனி எந்த நாட்டுக்குப் போனாலும் நான் இப்படித்தான் என்று முடிவுகட்டினேன். உன்னிடம் சொன்னபோது உனக்குக் கோபமே வந்துவிட்டது.

“கை நடுங்கல. பிடி சரியில்ல.”

உன் பிஸ்டல் அப்போது எல்லோரும் விரும்பி வாங்கிய ஆஸ்திரியத் தயாரிப்பு. அதில் முதல் தலைமுறை. பிளாஸ்டிக் பிடி, தேய்ந்த சவர்க்காரக் கட்டிபோல வழவழவென்று இருக்கும். கிளப்பில் இன்னொருத்தர் அதன் இரண்டாம் தலைமுறையை வாங்கியிருந்தார். அதன் பிடியில் முன்னும் பின்னும் சொரசொரப்பாகச் சின்னக் கட்டங்கள் வெட்டியிருந்தார்கள். அவரிடம் இரவல் வாங்கி ஒரு புதன்கிழமை என்னைச் சுடவைத்தாய். ஓட்டைகள் நடுவட்டத்தில் குவிந்தன. “பாத்தியா லா!” என்று உன் மலேசிய ‘லா’வோடு நீ துள்ளிய துள்ளலில், சுடும் இடத்தைக் கண்காணிக்கும் ரேஞ்ச் அதிகாரி அதட்டினார். பழைய பிடிதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதியாயிற்று.

புதியது வாங்க நாளாகும். பழையதைத் திருத்த இறங்கினோம். முதலில் கிரிக்கெட் மட்டையின் ரப்பர் உறையை இழுத்துப் போட்டோம். அது தடித்துப்போய் என் சின்னக் கைக்கு அடங்கவில்லை. டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் பட்டி இரண்டாம் நாளே பிரிந்துவிட்டது. கடைசியில் சைக்கிள் டியூப். அளவாக வெட்டி, வெந்நீரில் இளக்கி, பிடியின்மேல் இறுக்கமாக ஏற்றி, குண்டுப் பெட்டியை விடுவிக்கும் பொத்தானுக்கு மட்டும் துளையிட்டாய். கையில் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கொண்டு போனோம். முன்னையதைவிட மோசமாக வழுக்கியது.

பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டேன். “எனக்கு ஏலாது. இது பிடியில்லை, பயம்தான். இனி நான் வரமாட்டன்” என்றேன். நீ காதில் வாங்காமல் அந்த இரண்டாம் தலைமுறையையும் இரவல் வாங்கி வந்து நீட்டினாய். சொரசொரப்பும் கட்டமும் இருந்து என்ன, அதுவும் நழுவியது. நான் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். பிடித்தவள் நின்றாய். என் உள்ளங்கையை விரித்து முகர்ந்து பார்த்தாய்.

“என்னா லா இது! நல்லெண்ணெய்!”

வெள்ளிக்கிழமை. பெண்கள் எண்ணெய் முழுகும் நாள். கடல் கடந்து வந்தாலும் அம்மா வைத்த அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. வேலை முடிந்து வந்து தலைக்கு எண்ணெய் வைத்து, முழுகி, கோயிலுக்குப் போய், அங்கிருந்து நேரே கிளப்புக்கு வருவேன். இந்த நாட்டுக் குளிரில் எண்ணெயை முழுதாகப் போக்கும் பொறுமை யாருக்கு இருந்தது? அரைவாசி தலையிலேயே நிற்கும். அதோடு ஒவ்வொரு முறையும் பிஸ்டலைத் தூக்குமுன் நெற்றி மயிரைக் கையால் ஒதுக்கிவிடுவேனாம். நான் அறியவில்லை, நீ கவனித்திருந்தாய். ரேஞ்ச் அதிகாரிக்கு எண்ணெய் முழுக்கு என்றால் என்னவென்று நீ விளக்க, அவர் அது முழங்கால் வலிக்கும் கேட்குமா என்று விசாரித்தார். நாம் சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு வாங்கியது. அடுத்த வெள்ளி தலைக்குத் துணி கட்டி, பாத்திரம் கழுவும் திரவத்தில் கை தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். அதே முதல் தலைமுறைப் பிஸ்டல், அதே ரப்பர் சட்டை. இலக்கின் நடுவே காசளவு இடத்துக்குள் எல்லா ஓட்டைகளும்.

என்னைப் பற்றி நானே தீர்ப்பு எழுதி மூடிவிட்ட நேரத்தில், நீ ஒருத்திதான் அதை ஏற்க மறுத்தாய். அதற்குத்தான் இத்தனை வருட நன்றி. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் கேட்டேன், “காரணம் எண்ணெயாக இல்லாமல், உண்மையிலேயே பயமாக இருந்திருந்தால்?” நீ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: “இருந்தா என்ன? பயத்தோட சுட்டிருப்ப. யாரு வேணாம்னா?”

நான் திருமணமாகி ரெய்னர்ஸ் லேனுக்குக் குடிபோன பிறகும் சில வருடம் ஒன்றாகப் போய்வந்தோம். பிறகு ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிஞ்சுக் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைத்துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. கிளப்பில் பலர் முணுமுணுத்தார்கள். “அந்தப் பிள்ளைங்களோட அம்மாமாரு முன்னால நம்ம பொழுதுபோக்கு எம்மாத்திரம்” என்று சொல்லி, ரப்பர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வந்தாய். கொஞ்ச நாளில் மூன்றாம் தலைமுறை வந்தது. விரல்கள் படிய பிடியிலேயே பள்ளம் வைத்திருந்தார்கள். சஞ்சிகையில் அந்தப் படத்தைக் காட்டி, “நமக்கு வேணாம்னு ஆனப்புறம்தான் இவனுக்குப் புத்தி வருது” என்றாய். உனக்கு வருத்தமே இல்லை என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு நாளும் நீ அதைச் சொல்லவில்லை.

நீ இல்லாத முதல் நவம்பர் இது. இந்த நாட்டில் நவம்பர்தோறும் விடும் வாணவேடிக்கையைப் பார்க்கப் பேத்தி பூங்காவுக்குக் கூப்பிட்டாள். முன்பெல்லாம் கால்வலி, தலைவலி என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவேன். இந்த முறை போனேன். முதல் வாணம் வெடித்ததும் ஒளிவதற்கு ஒரு மேசையைத் தேடி என் கண் அலைந்தது. தலையில் எண்ணெயும் இல்லை, கையில் வழுக்கப் பிடியும் இல்லை. வேறு எதன்மேலும் பழி போட வழியில்லாத சுத்தமான பயம். என் கையைப் பிடித்திருந்த பேத்தி அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். கை நடுங்குகிறதே என்றாள்.

“ஓம், நடுங்குது,” என்றேன். “அடுத்தது என்ன நிறம் எண்டு பார்.”

கடைசி வாணம்வரை இருவரும் நின்றோம்.