பெயருக்கு முன்னால் பச்சை விளக்கு

ஜூலை 29, வியாழன்

காலையிலேயே வெக்கை. சென்னையிலிருந்து சர்வர் பெட்டி வந்து இறங்கியது. பழைய நூல் கிடங்கின் மூலை அறைதான் இனி சர்வர் அறை. ஜன்னலை அடைத்தாயிற்று. ஏ.சி. இன்னும் வரவில்லை; மேஜை ஃபேன்தான். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சாயக்கூடம். நெடி. ஓயாத தும்மல்.

லுங்கிக் கம்பெனிக்கு இதெல்லாம் எதற்கு என்று ஸ்டெல்லா கேட்டாள். சம்பளப் பிரிவு, எனக்கு எதிர் மேஜை. விளக்கினேன்: எல்லாருக்கும் மெயில், பொதுவான நாட்காட்டி, யார் வேண்டுமானாலும் எழுத ஒரு அறிவிப்புப் பலகை. பொதட்டூர்பேட்டை யூனிட்டிலிருந்தும் பார்க்கலாம். வெளியாரிடம் வைக்காமல் எல்லாம் நம் பெட்டிக்குள்ளேயே. முதலாளியின் மகனுக்கு, நாங்கள் சின்னவர் என்போம், அதில் மட்டும் பிடிவாதம். "எதுவும் இந்தச் சுவத்தத் தாண்டக் கூடாது, பாபு."

வாங்க வேண்டியது: கேபிள் கிளிப், எறும்பு மருந்து, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூலை 31, சனி

இன்ஸ்டால் முடிந்தது. நடுவில் கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து. யு.பி.எஸ். பேட்டரி சரியில்லை, மாற்றச் சொல்ல வேண்டும்.

ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் அவர் பெயருக்கு முன்னால் பச்சைப் புள்ளி எரியும். சின்னவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றார்.

கிளம்பும்போது சாதாரணமாகச் சொன்னார்: யார் யாருக்கு மெயில் போட்டாலும் அவருக்கு ஒரு நகல் வர வேண்டும், அனுப்பியவருக்குத் தெரியக் கூடாது. முடியுமா என்று கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டார். செட்டிங்கில் ஒரு டிக், அவ்வளவுதான். செவ்வாய் என்றேன்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

தூறல். டிக் போட்டேன்.

முதல் தடவை திறக்கும்போது வரும் வரவேற்பு வாசகமும் என் பொறுப்பு. அதன் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இங்கே எழுதும் ஒவ்வொன்றின் நகலும் நிர்வாகத்துக்குப் போகும்.' தெரியாமல் செய்யச் சொன்னதைத் தெரியும்படி செய்துவிட்டேன். வேலை போய்விடும் என்று காத்திருந்தேன்.

சின்னவர் வாசித்தார். சிரித்தார். "நல்லதாப் போச்சு. இனிமே நான் படிக்கக்கூட வேணாம்."

ஆகஸ்ட் 5, வியாழன்

ஆடிக் கிருத்திகைக் காவடிகள் வர ஆரம்பித்துவிட்டன. ஸ்டேஷன் பக்கம் வண்டி நுழையவில்லை, சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஆபீசில் சத்தமே இல்லை. மெயில்கள் எல்லாம் 'சரி', 'பார்த்தேன்', 'நன்றி'. பலகை காலி. அதுகூடப் பரவாயில்லை, சாப்பாட்டு நேரத்தில் வாய்ப்பேச்சும் நின்றுவிட்டது. மேஜைக்கு அடியில் ஓடும் கேபிளைக் காட்டி, நாம் பேசுவதையும் இது கேட்குமா என்றாள் ஸ்டெல்லா. கேட்காது என்றேன். நம்பவில்லை. அப்புறம் மெதுவாக: சாயக்கூடத்தில் புகையை வெளியே இழுக்கும் ஃபேன் ஓடவில்லையாம். "கண்ணு எரியுது, தல சுத்துதுன்னு அந்தப் பொண்ணுங்க டெய்லி சொல்லிகினு இருக்காங்கண்ணா."

பலகையில் போடு என்றேன். தட்டில் இருந்த சோற்றையே பார்த்தாள். பேச்சு மாறிவிட்டது.

ஆகஸ்ட் 7, சனி

சாயக்கூடத்தில் சரோஜா மயங்கி விழுந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். வாயில் நுரை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், ஸ்டெல்லாவும் கூடவே. நாங்கள் எல்லாரும் எழுந்து பார்த்தோம். திரும்ப உட்கார்ந்தோம்.

பலகையைத் திறந்தேன். ஒரு வரி இல்லை. எல்லாப் பெயருக்கும் முன்னால் பச்சை.

என் பெயரில் எழுதினேன்: 'சாயக்கூடத்து ஃபேன் ஓடவில்லை. புகை வெளியே போக வழியில்லை. சரோஜா மயங்கி விழுந்தார். சரிசெய்யும்வரை அங்கே யாரையும் வேலைக்கு அனுப்பாதீர்கள்.' இரண்டு இடத்தில் பிழை. திருத்தவில்லை.

படித்தவர்களின் பெயர்கள் கீழே ஒவ்வொன்றாக வந்தன. பதில் இல்லை.

சின்னவர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். சர்வர் பாஸ்வேர்டைத் தாளில் எழுதித் தரச் சொன்னார், கம்பெனிச் சொத்துதானே என்றார். கொடுத்தேன். வேறென்ன செய்வது? கிருத்திகை முடிந்து வந்தால் போதும் என்றார்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

மழை. தெரு முழுக்க அரோகரா. குடை கிடைக்கவில்லை. கண் மருந்து மறுபடி மறந்துவிட்டது.

ஸ்டெல்லா ஆஸ்பத்திரி எதிர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தாள். சரோஜாவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. நேற்று சாயங்காலம் பையை எடுக்க ஆபீசுக்குப் போனவள் பலகையைப் பார்த்தாளாம். நான் எழுதியது அங்கே இல்லை. அதே இடத்தில் என் பெயரிலேயே வேறு ஏதோ: சரோஜா கிருத்திகை விரதமிருந்து மயங்கியிருக்கிறார், விசாரிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கீழே எல்லாரும் படித்ததற்கான பெயர்கள்.

"அவ எங்க சர்ச்சுக்கு வர பொண்ணுண்ணா. அவளுக்கு ஏது கிருத்திகை?"

தெருச் சத்தத்தில் சரியாகக் கேட்க ஜன்னலைச் சாத்தினேன்.

"நீங்களா எழுதனீங்க?"

இல்லை என்றேன். பாஸ்வேர்டு கையில் இருந்தால் யார் பெயரிலும் எழுதலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"உங்க பேருதானே போட்டுக்குது," என்று வைத்துவிட்டாள்.