உங்கள் சாவில் வெடி வெடிக்கவில்லை

மாமா,

இன்று வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு சாவு ஊர்வலம் போனது. வெடிப்புகை மூக்கில் ஏறியதுமே உங்கள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்போடு அல்ல.

அந்த வருடம் தேர்த் திருவிழாவுக்கு உங்கள் பெரிய மகன், என் வீட்டுக்காரர், எல்லையில் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். அதிர்வேட்டு போட்டதும் எங்கள் பாப்பாவை இழுத்துத் தரையில் தள்ளி, அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரால் எழுந்திருக்க முடியவில்லை; உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. மனநல டாக்டரிடம் காட்டலாம் என்று நான் கிளம்பியபோது நீங்கள் வாசலை மறித்து நின்றீர்கள்.

"நானும் பட்டாளத்துல இருந்தவன்தான். எம் புள்ளைக்கு இன்னா பைத்தியமா? ஊரு சிரிச்சது பத்தலையா உனக்கு?"

உங்களைத் தாண்டித்தான் அவரை பஸ் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். வாங்கி வந்த மாத்திரைகளை நீங்கள் வாய்க்காலில் வீசினீர்கள். மறுபடி வாங்கினேன். அதன்பிறகு சாகும்வரை என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை நீங்கள். அவருக்குத் தூக்கம் திரும்பி, பழையபடி சிரித்துப் பேசியதைப் பார்த்தும் நீங்கள் மனம் மாறவில்லை.

நீங்கள் செத்த அன்று உங்கள் தம்பி கட்டுக்கட்டாக வெடி வாங்கி வந்தார். வேண்டாம் என்றேன்.

"பட்டாளத்துக்காரன் சாவு, வெடி இல்லாமயா? வாழ வந்தவ நீ யாரு அதச் சொல்ல?"

"கொள்ளி வெக்கப் போறவரு என் வூட்டுக்காரரு. நான்தான் சொல்லுவேன்."

எல்லாவற்றையும் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். உங்கள் மகன் கை நடுங்காமல் கொள்ளி வைத்தார்.

காரியம் முடிந்தபின் அத்தை என்னிடம் வந்து உட்கார்ந்தார். "அவரும் இப்படித்தாம்மா. பட்டாளத்துலேர்ந்து வந்த புதுசுல, குக்கர் விசில் அடிச்சாக்கூட வெளிய ஓடிடுவாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் கூடியது. அந்த வேதனை என்னவென்று தெரிந்தவர் நீங்கள். தெரிந்தேதான் மகனை மறித்தீர்கள்.

போன மாதம் உங்கள் சின்ன மகனும் பட்டாளத்துக்குக் கிளம்பினான். ரயிலடியில், "அப்பா இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு அண்ணி?" என்று கேட்டான். எனக்குத் தெரியும்.

"தூக்கம் வரலன்னா மறைக்காதப்பா. அன்னிக்கே போன் பண்ணு. நாங்க வரோம்," என்றேன். தலையாட்டிவிட்டு ஏறினான். உங்கள் வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் ஒருவனிடம் இப்படிச் சொல்லி அனுப்பியது அதுவே முதல் தடவை.