ஏழு மணி இருட்டு

பிப்ரவரி 12, 2001 – திங்கள்

இந்த டைரியின் அட்டையில் 1990 என்று போட்டிருக்கிறது. அந்த வருஷம் கடையில் கொடுத்ததை எழுதாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்தாராம் என் வீட்டுக்காரர். தொண்ணூறுக்கும் இந்த வருஷத்துக்கும் தேதியும் கிழமையும் அப்படியே ஒத்துப்போகுமாம். பதினொரு வருஷம் காத்திருந்து, ஜனவரி ஒன்றாம் தேதி, பட்டுப்புடவை தருகிற தோரணையில் என் கையில் தந்தார். "டைரி எழுதணும் எழுதணும்பியே, எழுது. பக்கத்த வீணாக்காத." ஒன்றரை மாதம் கோபத்தில் தொடவே இல்லை. சொல்லி அழ வேறு ஆள் இல்லாததால் இன்று எடுத்தேன்.

இப்போதுதான் கரண்ட் வந்தது. வந்தது என்ன, அவர் போட்டார்.

சில வருஷங்களுக்கு முன்பு சர்க்கார் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தது. ஊரே திட்டியது. இவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்து, மீட்டர் ஓடாமல் நிற்பதை நினைத்துச் சந்தோஷமாக இருப்பார். பிறகு சர்க்கார் அதை விட்டுவிட்டது. இவர் விடவில்லை. ஏழு அடித்ததும் எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்குவார். ஏழரைக்கு ஏற்றுவார். கேட்டால், "சர்க்கார் நிறுத்தினா பேசாம இருந்தல்லா, நான் நிறுத்தினா மட்டும் என்னட்டி?" என்பார். எங்கள் ஸ்ரீவராகம் பகுதியில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது எங்கள் வீடு மட்டும் இருண்டு கிடக்கும்.

இல்லாத வீடு என்றால் மனசு ஆறும். சாலைக் கடைத்தெருவில் பெரிய அரிசி மண்டியில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். கடனில்லை, குடியில்லை. ஒரே மகள், அவளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. பிறகு யாருக்காக இந்த இருட்டு? கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

பிப்ரவரி 14 – புதன்

கரைந்துபோன சோப்புத் துண்டுகளை எல்லாம் சேர்த்து உருட்டி ஒரு புதுச் சோப்பு செய்திருக்கிறார். மூன்று நிறம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 18 – ஞாயிறு

ஏழு மணி இருட்டில் மகள் சுஜா நாகர்கோவிலிலிருந்து போனில் கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் எப்போதும் கூப்பிடுவாள். அம்மா சும்மா உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். கரண்ட் இல்லாவிட்டாலும் போன் வேலை செய்யும். அது முதலாளி தன் செலவில் வைத்துக்கொடுத்த போன். வருவதை எடுப்போம், நாங்களாக யாரையும் கூப்பிடுவதில்லை. ஆறு வருஷமாக இருட்டில் எடுத்துப் பழகி, மணி அடித்தால் என் கை நேராக ரிசீவரில் போய் விழும்.

ஏழாம் மாசம் பிறக்கிறது, எப்போது கூப்பிட வரட்டும் என்று கேட்டேன்.

"நான் வரல்லம்மா. இங்கேயே பாத்துக்கிடுதேன்."

தலைப்பிரசவம். அம்மா வீட்டுக்கு வராமல்? என்ன காரணம் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பச்சப்புள்ளய அந்த இருட்டு வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன். எனக்கு மதியாச்சு, போதும்."

பத்தாம் வகுப்பில் அவள் அடுத்த வீட்டு மலையாளத்துச் சரசம்மாவின் வராந்தாவில் உட்கார்ந்துதான் படித்தாள். உங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் "பியூஸ் போச்சு" என்பாளாம். ஒரு வருஷம் முழுக்கத் தினமும் பியூஸ் போன வீடு எங்களுடையது. அவர்கள் நம்பியா இருப்பார்கள்? பிள்ளை அதை மறக்கவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருட்டில் அழுதால் யாருக்கும் தெரியாது என்ற ஒரு சௌகரியம் உண்டு.

பிப்ரவரி 21 – புதன்

இன்று கேட்டே விட்டேன். மகள் வரமாட்டேன் என்கிறாள், உங்களால்தான் என்றேன்.

"நான் வரவேண்டாம்னா சொன்னேன்? கதவு தொறந்துதானே கெடக்கு."

"கதவு தொறந்திருந்து என்ன? உள்ள வெளிச்சம் இல்லையே. அவ இருக்கியது வரைக்கும் மெயினத் தொடக்கூடாது."

"ஒரு நாளா ரெண்டு நாளா? ஆறு மாசமாக்கும்!"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ. அப்படியானால் நான் நாகர்கோவிலுக்குப் போய்ச் சம்பந்தி வீட்டிலேயே இருந்து என் பிள்ளைக்குப் பேறு பார்க்கிறேன், நீங்கள் இந்த இருட்டைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்றேன். சம்பந்தி வீட்டில் போய் நின்று பேறு பார்த்த தாய் உண்டா? எவ்வளவு கேவலம்! அது அவருக்கும் தெரியும்.

பிப்ரவரி 22 – வியாழன்

பேச்சு வார்த்தை இல்லை. ஏழு மணிக்கு மெயின் இறங்கியது.

மார்ச் 4 – ஞாயிறு

போன் அடித்தது. என் கை போவதற்குள் இன்னொரு கை அங்கே இருந்தது. அவர் போனை எடுத்து நான் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, இருட்டு.

"மக்களே, நாந்தான். வா. மெயினத் தொடமாட்டேன்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். பிள்ளை அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "வேற வழியில பிடிச்சுக்கிடலாம்." வேறு என்ன வழி?

மார்ச் 18 – ஞாயிறு

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ச் சுஜாவைக் கூட்டி வந்துவிட்டோம். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் போதும் என்றவரை மீறிப் புளிச்சாதமும் கிளறினேன். முகம் சுண்டியது, தடுக்கவில்லை.

சாயங்காலம் ஏழு மணி. நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அவள் பார்க்கிறாள், அவரும் பார்க்கிறார். விளக்கு எரிகிறது. ஏழு ஐந்துக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "கோயிலுக்குப் போயிட்டு வாறேன்" என்று கிளம்பிவிட்டார். ஏழரை தாண்டித்தான் திரும்பினார். விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை பாவம். சுஜா சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் நாங்கள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 20 – செவ்வாய்

வேறு வழி என்னவென்று தெரிந்துவிட்டது. தண்ணீர் மோட்டாரின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விடிவதற்கு முன்னால் கிணற்றடியில் கப்பிச் சத்தம். வாளி வாளியாக இறைத்துக் குளியலறை டிரம்மில் கொண்டுவந்து கொட்டுகிறார். வயசு ஐம்பத்தொன்பது.

சரசம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: "சேச்சி, அண்ணாச்சிக்கு எந்தா பற்றி? ராவிலே தொடங்கி வெள்ளம் கோரலாணல்லோ!"

அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று, விடியற்காலையிலிருந்து தண்ணீர் இறைக்கிறாரே என்கிறாள். என்ன சொல்ல? மோட்டார் பியூஸ் போயிற்று என்றேன். பழைய பொய், கைவசம் இருந்தது.

ஏப்ரல் 9 – திங்கள்

கடையிலும் சாயங்கால டீயை நிறுத்திவிட்டாராம். மகள் வந்ததிலிருந்து அந்தக் காசும் மிச்சம் பிடிக்கிறார் என்று கடைப் பையன் வந்து சொல்லிவிட்டுப் போனான். கேட்டதற்கு, டீ பித்தம் என்கிறார். முப்பது வருஷமாக இல்லாத பித்தம்.

மே 6 – ஞாயிறு

சுகப்பிரசவம். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பகவானே, போதும்.

லட்டு வாங்கி வந்தார். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டி வார்டு முழுக்கக் கொடுத்தார். நர்ஸுக்கு மட்டும் அரை.

மே 12 – சனி

குழந்தை லேசாக மஞ்சளாகத் தெரிந்தது. ரத்தம் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பால் நன்றாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். சரசம்மா விடுவாளா? "டியூப் லைட்டுக்குத் தாழே கிடத்திக்கோ சேச்சி, மஞ்ஞ போகும் கேட்டோ" என்றாள்.

அவர் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது இங்கே இருந்திருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் தொட்டில் கூடத்தில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே. ராத்திரி நான் அணைக்கப் போனேன். "தொடாத" என்றார்.

இந்த வீட்டில் ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரிகிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், எரிகிறதுதான்.

மே 17 – வியாழன்

டாக்டரிடம் காட்டினோம். மஞ்சள் போய்விட்டது. டியூப் லைட் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். அதனால் ஒன்றும் ஆகாது, தானாகவே சரியாகியிருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். வீண் செலவு என்று அலறுவார் என்று நினைத்தேன்.

"ஆகாட்டா போகட்டு. கெடந்து எரியட்டும்."

மே 23 – புதன்

பெற்றவளுக்கு மூலிகை போட்டுக் காய்ச்சிய வேது வெந்நீர் அண்டா அண்டாவாக வேண்டும். குழந்தைத் துணி வேறு. அத்தனையும் அவர்தான் இறைக்கிறார். உள்ளங்கை கொப்பளித்துப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு கயிறு பிடிக்கிறார். மோட்டாரைப் போடுங்களேன் என்று கெஞ்சினேன். "அது எவ்வளவு இழுக்கும் தெரியுமா?" என்கிறார். இது பாசமா, கஞ்சத்தனமா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

ஒன்று எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் தூக்கம் வரும். சுஜா பிறந்தபோது நான் வள்ளியூரில் அம்மா வீட்டில் இருந்தேன். முப்பது நாள் கழித்து, கடை லாரியில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பிள்ளையைப் பார்க்க வந்தார். பஸ் கூலி மிச்சம். லாரி காத்திருக்காது என்று ஒரு மணி நேரத்தில் அதே மூட்டை மேல் ஏறிப் போய்விட்டார். வெறுங்கையை ஆட்டிக்கொண்டு போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. எனக்கு யார் ஒரு வாளி இறைத்தார்கள்? எனக்காக எந்த விளக்கு விடிய விடிய எரிந்தது? பேத்தியின் மேல் பொறாமைப்படுகிற ஆச்சி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இருக்கிறது.

ஜூன் 11 – திங்கள்

நினைத்தபடியே ஆயிற்று. மழையில் கிணற்றடி வழுக்கி, விழவில்லை, கயிற்றைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றதில் இடுப்பு பிடித்துவிட்டது. நிமிர முடியவில்லை. வைத்தியரிடம் போக மாட்டாராம். சுஜாவின் பேற்றுத் தைலத்தில் மீதி இருந்ததைத் தேய்த்துவிட்டேன்.

சுஜா அவர் சட்டைப்பையிலிருந்து பியூஸை எடுத்து மாட்டி மோட்டாரைப் போட்டாள். போட்ட உடனே கட்டிலிலிருந்து சத்தம்: "ரொம்பிட்டு! ரொம்பிட்டு! நிறுத்து!" தொட்டியில் ஒரு சாண் கூட ஏறியிருக்காது.

அவள் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். குழந்தை தோளில்.

"அப்பா, நான் வெளிச்சம் வேணும்னுதான் கேட்டேன். உங்க முதுகக் கேக்கல்ல."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அங்க எரியணும்னா இங்க எங்கயாவது அணையணும் மக்களே. எனக்குத் தெரிஞ்ச கணக்கு அதுதான்."

சுஜா வந்து என் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய் அழுதாள். நான் போகவில்லை. அழட்டும். அப்பாவுக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

ஜூன் 14 – வியாழன்

மோட்டார் ஓடுகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் காதில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்.

ஜூலை 22 – ஞாயிறு

டியூப் லைட் இன்னமும் ராத்திரியெல்லாம் எரிகிறது. எனக்குத் தூக்கமே இல்லை. இத்தனை வருஷம் வெளிச்சம் வேண்டும் என்று சண்டை போட்டவள், இப்போது விளக்கை அணையுங்கள் என்று கெஞ்சுகிறேன். "பிள்ள பயந்துரும்" என்கிறார். பிள்ளை தொட்டிலில் அயர்ந்து தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 19 – ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை சுதீஷ் கார் எடுத்து வந்து கூட்டிப்போனார். குழந்தை நெற்றியில் மை வைத்தேன். அவர் பழைய அரிசிச் சாக்கைத் துவைத்துத் தைத்த பையில் குழந்தைத் துணிகளை அடுக்கிக் கொடுத்தார். சுஜா அதை வாங்கிக்கொண்டு, "அப்பா, தீபாவளிக்கு வருவோம்" என்றாள். கூப்பிடாமலே சொன்னாள். எனக்கு அது போதும்.

அதன் பிறகு வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்தேன். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஏழு அடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். போகட்டும், அவள்தான் போய்விட்டாளே, சொன்ன சொல் முடிந்தது. மெயின் இறங்கியது. மூன்று மாதம் எரிந்த டியூப் லைட் அணைந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. பழைய இருட்டுத்தானே, எது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

"களியக்காவிளை எல்லை தாண்டியிருப்பாளோ?" என்றார்.

"தாண்டியிருப்பா."

கொஞ்ச நேரந்தான் இருக்கும். நாற்காலி கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு போகிற சத்தம். விளக்கு எரிந்தது. அவர் மீட்டர்ப் பெட்டிக்குக் கீழே என்னைப் பார்க்காமல் நின்றார்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவாளுல்லா. இருட்டுல எப்படி எடுக்கியது?"

ஆறு வருஷமாக இதே இருட்டில்தான் எடுக்கிறோம். அவருக்கும் தெரியும்.

"எடுக்க முடியாதுதான்" என்றேன்.

போன் எட்டரைக்குத்தான் வந்தது. அதுவரை எரிந்துகொண்டிருந்தது.