மாடத்தில் வைத்த சோறு

அன்புள்ள கனாயேவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்களா? இங்கே பிளம் பூத்துவிட்டது, நின்று பார்க்கத்தான் எனக்குத் தெம்பில்லை. அப்பாவின் ஆபரேஷன் ஒருவழியாக முடிந்தது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டே படிக்க வேண்டாம். முதல் தடவை தள்ளிப்போனது ஏன் என்று போனில் கேட்டாயே, அவர் பக்கத்திலேயே இருந்ததால் மழுப்பிவிட்டேன். இப்போது கேள்.

உணவுக்குழாயின் அடியில் தசை இறுகிப்போய்த் திறக்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் தின்றதெல்லாம் நெஞ்சிலேயே நிற்கிறது என்று டாக்டர் நிஷிவாக்கி அம்மா படம் போட்டுக் காட்டினார். வாய் வழியாகவே குழாயை விட்டு அந்தத் தசையை உள்ளிருந்தே அறுத்துத் தளர்த்துவார்களாம், வெளியே ஒரு தையல்கூடக் கிடையாது. ஆனால் இரண்டு நாள் முன்பிருந்தே தண்ணீராக இருப்பதைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நானும் அரிசி டப்பாவைத் தவிர வீட்டில் இருந்த அத்தனையையும் ஒளித்து வைத்தேன். ஆனால் காலையில் பானையைத் திறந்ததும் முதல் கரண்டியைப் பெரியப்பாவைக் கும்பிடும் மாடத்தில் வைப்பதை எப்படி நிறுத்துவது? செத்தவரையுமா பட்டினி போடுவது? வைத்தேன். உன் அப்பா வழக்கம்போல் மத்தியானம் அதை இறக்கி, வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் காமிராவை விட்டுப் பார்த்தால், சோறு அப்படியே நிற்கிறது. மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, சாமிக்கு வச்சு இறக்குனதைக் குப்பையிலயா போடுறது, ஒரு வாய்தானே என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அதோடு முடிந்ததா? இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். அத்தனை பேரையும் வேலையக் கெடுத்து நிக்க வச்சிட்டு, எந்த மூஞ்சியோட மறுபடி போறது என்றார். மூஞ்சி இருந்து என்ன பிரயோஜனம், தொண்டைக்குக் கீழ ஒண்ணும் இறங்கலையே என்று நானும் கத்திவிட்டேன். எலும்பும் தோலுமாக இருக்கிறார் கனாயே. அவருடைய பழைய பஸ் கம்பெனிச் சட்டை இப்போது இரண்டு பேருக்குக் காணும். இந்த மனிதர் என் கண் முன்னாலேயே பட்டினியில் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் நானே ஒரு பெட்டி இனிப்பை வாங்கிக்கொண்டு போய் டாக்டர் அம்மாவின் முன்னால் தலை குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. எங்க வீட்டுலயும் மாடம் இருக்கு, நான்தான் சொல்லியிருக்கணும், இந்தத் தடவை ரெண்டு நாளைக்கு அவங்களுக்கும் சூப்பே வைங்க என்றார். அப்படியே வைத்தேன். அதை இறக்கிக் குடித்துவிட்டு உன் அப்பா, என்னால அண்ணனும் கஞ்சித் தண்ணி குடிக்க வேண்டியதாப் போச்சு என்று முனகினார். ஆனால் மறுபேச்சில்லாமல் என்னோடு கிளம்பி வந்தார்.

நேற்றுக் குழைந்த கஞ்சி கொடுத்தார்கள். ஒரு கரண்டி விழுங்கிவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று காத்துக்கொண்டிருந்தார். எங்கேயும் நிற்கவில்லை. என்னைப் பார்த்து, போயிடுச்சா என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும்? போயிடுச்சு, அடுத்ததைச் சாப்பிடுங்க என்றேன். அப்புறம் வராந்தாவுக்குப் போய் நன்றாக அழுதேன், நர்ஸ் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

நீ லீவு போட்டு ஓடி வர வேண்டாம். வேலை வேலை என்று நின்றபடி ரொட்டியைக் கடித்துக்கொண்டு போகாமல், உட்கார்ந்து மென்று தின்னு. எனக்குத் தூக்கம் மட்டும்தான் பாக்கி, அது சரியாகிவிடும். இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள்.

மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிடாதே என்று இரண்டு வருடமாக உன்னைத் தடுத்து வைத்திருந்தேன் அல்லவா, இனிமேல் கேள்.

உன் அம்மா,
சுமியே