ஒருவரும் இல்லாத ஊரைத் தேர்ந்தெடுத்தேன்

இன்று காலை வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கடந்தபோது ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப்பலகை உருகும் மணம் வந்தது. உள்ளே யாரோ சூடான கம்பியால் மணவறைக்கு மயில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் நின்று அந்த மணத்தை உள்ளே இழுத்தேன்.

கொட்டாஞ்சேனையில் உன் அண்ணனின் மணவறைச் சோடனைக் கடையில்தான் நாம் செய்த முதல் விமானத்தின் இறக்கையை வெட்டினோம். ஒரு பக்கம் தாமரை, மறுபக்கம் யானைத் தலை, நடுவில் கம்பியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி நீயும் நானும். என் கை முந்திவிட்டது. இறக்கையின் நுனி முறுகிப் போனது. "தங்கச்சி, அது யானைக்குக் காதா நல்லாருக்கும், குடுத்துடுங்க" என்றார் உன் அண்ணன். நீ கொடுக்கவில்லை. முறுகிய இறக்கையோடு காலிமுகத்திடலுக்குப் போனோம். விமானம் இடப்பக்கமாக வளைந்து இறால் வடைக்காரரின் குடையில் மோதி விழுந்தது. அவர் சிங்களத்தில் திட்டிய திட்டில் பாதி எனக்கு விளங்கவில்லை. நீ சிரித்தபடி, "பறந்திச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுடி" என்றாய்.

பறந்தது. அதன் பிறகு நம் இருவருக்கும் வேறு படிப்பு தேவைப்படவில்லை.

நாம் படித்த இடத்தில் முதல் இரண்டு வருடம் இயந்திரப் பொறியியல்தான் உண்டு. விமானப் பொறியியல் வேண்டுமென்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறிப் போகவேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை என் வீட்டில் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். லண்டனில் பெரியம்மா இருக்கிறார். அவர் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய ஒன்றும் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். முதலில் சொந்தக்காரரின் வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு அதற்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை நல்ல பல்கலைக்கழகம் என்பார்கள். ரொறொன்ரோவில் சித்தப்பா இருந்ததால் என் மச்சாள் கணக்கியல் படித்தாள். அவளுக்குக் கணக்குப் பிடிக்காது.

இதைச் சொன்னபோது நீ பரிதாபப்பட்டாய். "எங்களுக்கு வெளிநாட்டுல யாருமே இல்ல. பெரியப்பா ஹட்டன்ல, மாமா மஸ்கெலியால. அதனால எனக்கு முழு உலகமும் தொறந்திருக்கு."

ஹோட்டல் ஒன்றில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீதான். அந்த லண்டன் பல்கலைக்கழகத்தின் மேசையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், நாம் படித்த இரண்டு வருடத்தையும் முழுதாக ஏற்றுக்கொண்டு நேரே கடைசி வருடத்தில் சேர்ப்போம் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கு முகம் மாறியது.

"அப்போ இறக்கைய வச்சுச் சோதிக்கிற காற்றுச் சுரங்கத்துல நாங்க எப்ப வேல செய்வோம்?"

அது இரண்டாம் வருடப் பாடம், உங்களுக்குத் தேவைப்படாது என்றார் அவர்.

"விமானத்துல ஏத்தி, பறக்கும்போதே அளவெடுக்கச் சொல்ற பாடம்?"

அதுவும் இரண்டாம் வருடம்தான். அவர் நீச்சல் தடாகத்தின் படத்தைக் காட்டினார்.

வெளியே வந்ததும் நீ சொன்னாய். "இவங்க நம்ம ரெண்டு வருஷத்தையும் ஏத்துக்கல. படிக்க வேண்டிய ரெண்டு வருஷத்த எடுத்துக்கிறாங்க. பட்டத்துல மட்டும் விமானம் இருக்கும்." மாறிப் போகிறவர்கள் எல்லோரும் எத்தனை பாடங்களை ஏற்பார்கள் என்றே கேட்கிறோம். எந்தப் பாடங்களை இழப்போம் என்று கேட்க உனக்குத்தான் தோன்றியது.

பிறகு நீயே லண்டனுக்கு வெகு வடக்கே ஒரு சிறிய ஊரைக் கண்டுபிடித்தாய். அங்கே நம்மை இரண்டாம் வருடத்தில்தான் சேர்ப்பார்கள். ஒரு வருடம் பின்னால் போகவேண்டும். காற்றுச் சுரங்கம் உண்டு, பறந்தபடி அளவெடுக்கும் பாடமும் உண்டு. ஊரில் மழையும் செம்மறியாடும் தவிர ஒன்றுமில்லை என்று படங்களைக் காட்டினாய். இருவரும் விண்ணப்பித்தோம். வீட்டாருக்காக நான் லண்டனுக்கும் ஒன்று போட்டேன்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. உன் வீடிருந்த ஒழுங்கைக்குப் பக்கத்தில் பாதியில் விட்ட கட்டடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததை நானும்தான் தினமும் பார்த்தேன். உன்னை வழியனுப்பிய பொரளைக் கனத்தை மயானத்தில் ஆளாளுக்கு விதி என்றார்கள். நான் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. இப்போதும் ஏற்கவில்லை. தேங்கிய தண்ணீருக்கு விதி என்று பெயர் வைப்பவர்களோடு எனக்குக் கதைக்க ஒன்றுமில்லை.

போன வாரம் இரண்டு இடங்களிலிருந்தும் அனுமதி வந்தது. வடக்கே இருக்கும் ஊர் என்றேன். வீட்டில் பூகம்பம்.

"ஒரு வருஷத்தில முடிக்கலாம் எண்டுறாங்கள். நீ ஏன் ரெண்டு வருஷம் போறாய்? ஒரு வருஷம் வீண்தானே" என்றார் அம்மா.

"வீணில்லை அம்மா. அந்த வருஷத்திலதான் விமானம் இருக்கு."

"படிச்சு முடிக்க உனக்கு என்ன வயசாகும் எண்டு யோசிச்சனியா?"

"ஓம். நான் போகாட்டிலும் அதே வயசுதான் ஆகும்."

அப்பா பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அது சம்மதமா கோபமா என்று இன்னும் தெரியவில்லை.

இரவு பெரியம்மா தொலைபேசியில் வந்தார். எனக்கென்று வைத்திருந்த அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டாராம். "அங்க ஆர் பிள்ளை இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை, பெரியம்மா."

"ஒருத்தரும் இல்லாத ஊரில பொம்பிளைப் பிள்ளை என்ன செய்யிறது?"

"படிக்கிறது."

பிறகு, சரி, குளிர்ச்சட்டையாவது தான் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஆனாலும் நான் முடிவை மாற்றவில்லை. அன்றிரவே வடக்கே வருவதாக எழுதி அனுப்பிவிட்டேன்.

செய்தியைச் சொல்ல உன் அண்ணனிடம் போனேன். கண் கலங்கி, "அவளோட கனவையும் சேத்துப் படிங்க தங்கச்சி" என்றார். அவருக்காகத் தலையாட்டினேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன்: அதை நான் செய்யப்போவதில்லை. உன் கனவு எஞ்சின். எனக்கு எஞ்சின் பிடிக்காது. உன் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைப் படித்தால், நீயே முதலில் சிரிப்பாய்.

வீடு திரும்பும் பஸ்ஸில் இதற்காகவே எத்தனை சண்டை. இறக்கை சும்மா நீட்டிக்கொண்டு இருக்கும், எஞ்சின்தான் வேலை செய்யும் என்பாய். எஞ்சின் நின்றாலும் இறக்கை நம்மைத் தரைவரை கொண்டுவந்து சேர்க்கும் என்பேன். "அப்போ கீழ எறங்கத்தான் படிக்கிறியா?" என்று கேட்டாய், கடைசியாக. அதற்குள் என் தரிப்பிடம் வந்துவிட்டது. நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று இறங்கினேன். மறுநாள் நீ காய்ச்சலோடு படுத்துவிட்டாய்.

அந்தச் சண்டையைத்தான் கொண்டு போகிறேன். உன் பக்கத்தையும் நானேதான் பேசவேண்டியிருக்கிறது. குறை வைக்காமல் பேசுகிறேன், சில நாட்களில் நீ வென்றும் விடுகிறாய். போனவர்களோடு வாதாடக்கூடாது என்கிறார்கள். வாதாடுவேன். இறங்கத் தெரிந்தால்தான் திரும்பவும் ஏறலாம். இந்த விஷயத்தில் நீ பிழைதானடி.